இடதுபக்கத்துச் சத்தம்

சித்த அக்கட்டால நகந்துக்க கண்ணு. அந்தச் சன்னலோரம் எனக்குக் குடுத்தீன்னா புண்ணியமாப் போகும். வாந்தியெல்லாம் எடுக்கமாட்டேன், பயப்படாத. பின்னாடி எங்கூட்டுக்காரரு கார்ல வர்றாரு, அப்பப்ப எட்டிப் பாத்துக்கோணும், அவ்வளவுதான். ஆ, நல்லாயிரு. கூடைய வாங்காத, வாங்காத, நானே மடியில வெச்சுக்கறேன். அதுக்குள்ளார ஒரு சாமான் இருக்குது. மத்தவிய கை படக்கூடாது. பொறவு சொல்றேன்.

என்ன சிரிக்கற? புருசன் கார்ல வர்றப்ப பொண்டாட்டிக்குப் பஸ்ஸுல என்ன வேலைன்னுதான? சிங்காநல்லூர்ல ஏறுனப்பவே கண்டக்டரும் அதேதான் கேட்டாரு. நானும் தாராபுரந்தான் போறேன். அவரும் தாராபுரந்தான் போறாரு. ஒரே வேலையாத்தான் போறோம். வண்டிய விக்கப் போறோம் கண்ணு. தாராபுரத்துல கோழிப்பண்ணை வெச்சிருக்கறவரு ஒருத்தரு, போன்லயே படத்தப் பாத்து எடுத்துக்கறேன்னுட்டாரு. வண்டி எம்பேர்ல இருக்குது. பதினெட்டு வருசத்துக்கு மின்னாடி வாங்கறப்ப எங்க மாமியா சோசியம் பாத்தாங்க. பையன் சாதகத்துக்கு இரும்பு ஆகாது, மருமக பேர்ல வாங்குங்கன்னு சோசியக்காரரு சொல்லிப்போட்டாரு. நாப்பது வருசம் மில்லுல இரும்போடவே பொரண்ட மனுசனுக்கு இரும்பு ஆகாதாம். இவருக்கு அதுலெல்லாம் துளிகூட நம்பிக்கை கெடையாது, இருந்தாலும் அம்மா பேச்சத் தட்டல.

அதனால எங்கையெழுத்து இல்லாம வண்டி கை மாறாது. கையெழுத்துப் போட வர்றேனுங்க, ஆனா விக்கப்போற வண்டியில ஏறி உக்காந்து வரமாட்டேனுங்கன்னு சொல்லிப்போட்டேன். அவரும் ரோசக்காரரு. அப்ப பஸ்ஸுல வான்னுட்டாரு. வந்துட்டேன்.

இதுல இன்னொண்ணு கண்ணு. அந்த வண்டியில ஏறி நான் என்னத்தப் பண்றது? எட்டு மாசமாச்சு, அதுக்குள்ளார நான் வாயத் தொறந்து. ஒரு வார்த்தை பேச உடமாட்டாரு. "இரு, பேசாத, கேக்கட்டும்." இதுதான் பேச்சு. எட்டு மாசமா எங்கூட்டுக்காரரு எங்கிட்டச் சொன்னதெல்லாம் இந்த மூணு வார்த்தைதான். இரு. பேசாத. கேக்கட்டும்.

எதைக் கேக்கறதுன்னு கேளு. சத்தத்த. வண்டிக்கு அடியில, மின்னால, இடதுபக்கம், நான் உக்கார்ற பக்கந்தான், ஒரு சத்தம். அதுதான் எங்குடியக் கெடுத்துது.

அவரப் பத்தி உனக்குச் சொல்லோணும். நாச்சிமுத்துன்னா மில்லுல தெரியாதவிய கெடையாது. நூல் மில்லுல ஃபிட்டரு. நூறு மெஷின் ஒட்டுக்கா ஓடுற எடத்துல, பக்கத்துல நிக்கறவன் காட்டுக்கத்து கத்துனாலும் கேக்காத எடத்துல, இவரு பாட்டுக்கு நடந்து போவாராம். சட்டுனு நிப்பாராம். "பதினாலாம் நம்பர்ல ஒரு பேரிங் போகப்போகுது" அப்படிம்பாராம். பிரிச்சுப் பாத்தா பேரிங் தேஞ்சிருக்கும். மேனேஜரே அவர காது நாச்சிமுத்துன்னுதான் கூப்புடுவாரு. மத்தவியளுக்குக் காடு இருக்கும், தோட்டம் இருக்கும். எங்கூட்டுக்காரருக்கு அந்தக் காதுதான் சொத்து.

ஆனா ஊட்டுல மனுசன் பேசமாட்டாரு. பேப்பரு, டீவி, தூக்கம். பேசறதெல்லாம் வண்டியிலதான். சாவியத் திருகுனார்னா வண்டியோட சேந்து அவரு வாயும் ஸ்டார்ட் ஆயிரும். என்னைப் பொண்ணு பாக்க வந்தன்னிக்குக் கேசரியில உப்புக் கெடந்துதுன்னு முப்பது வருசம் கழிச்சு அவினாசி ரோட்டுலதான் எங்கிட்டச் சொன்னாரு. உப்போட தின்னுப்போட்டு வெளிய காட்டாம எந்திரிச்சுப் போயிருக்கறாரு பாத்துக்க. எம்மக ரேணுகா பொறந்தப்ப மில்லு கக்கூசுல போய் உக்காந்து அழுதேன்னு பாலக்காட்டு ரோட்டுல சொன்னாரு. அதனால காய்கறிக்குப் போறதுன்னாலும் நான் வண்டியிலதான் போவேன். நடந்து போனா அஞ்சு நிமிசம். வண்டியில சுத்திக்கிட்டுப் போனா அரை மணி நேரம் பேச்சு இருக்குமல்லோ.

இப்பச் சத்தம் எப்புடி வந்துதுன்னு கேளு.

போன வருசம் சூலூர்க் கொளத்துக்கிட்ட வண்டி மூணு லட்சம் கிலோமீட்டர் தொட்டுது. இவரு வண்டிய ஓரங்கட்டி, எறங்கி, கதவத் தொறந்து, மீட்டரப் படம் புடிச்சு, ரேணுகாளுக்கு அனுப்பி, எனக்கு ஒரு எளநி, அவருக்கு ஒரு எளநி. அதோட உட்டாரா? வீதி பூராவும் மைசூர்பா குடுத்தாரு. அங்கதான் வெனை. எதுத்தூட்டு ருக்குமணி மைசூர்பாவ வாயில போட்டுக்கிட்டே, "மூணு லட்சமா! இன்னுமா ஓடுது!" அப்படின்னா. அந்த 'இன்னுமா'வச் சொல்றப்ப அவ கண்ண நான் பாத்தேன் கண்ணு. வண்டிக்குக் கண்ணு பட்டுப்போச்சுன்னு அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

அந்த வாரமே பழனிக்குப் போனேன். அங்க குதிரை வண்டிக்காரரு ஒருத்தரு, நல்ல மனுசன், குதிரை ஓடி ஓடித் தேஞ்ச லாடம் ஒண்ணு குடுத்தாரு. கடையில விக்கறது இல்ல, நெசமான லாடம். எப்புடிக் கட்டோணும்னும் சொல்லிக் குடுத்தாரு. இறுக்கிக் கட்டக்கூடாது, தொங்கவுடோணும். வண்டி ஓடறப்ப அது ஆடோணும், ஆடுனாத்தான் கண்ணு கலையும். அப்பறம், கட்டுனவிய தவிர வேற கை படக்கூடாது. ஊட்டுக்காரரு நம்பமாட்டாரே, நாலு பேருகிட்டச் சொல்லிச் சிரிப்பாரே. அதனால அவரு குளிக்கப் போனப்ப, மின்னால பம்பருக்கு அடியில, இடதுபக்கம் ஒரு இரும்புப் பட்டை இருக்குது, அதுல செப்புக் கம்பிய வெச்சுத் தொங்கவுட்டேன். அவரு இடுப்புக்குப் பெல்ட்டுப் போட்டவரு, குனியக்கூடாதுன்னு டாக்டரு உத்தரவு. அவரு கண்ணுக்குத் தட்டுப்படாது.

அதுக்கு நாலாம் நாளுதான் வண்டிய வெளிய எடுத்தாரு, சத்தம் வந்துது.

பாத்துக்க! அந்த ருக்குமணி கண்ணு எவ்வளவு பொல்லாததுன்னு பாத்துக்க. லாடம் கட்டியே நாலு நாள்ல உள்ள பூந்துருச்சு. கட்டாம உட்டிருந்தா எஞ்சினே கையில வந்திருக்கும்.

என்ன கண்ணு? என்னமோ சொல்ல வர்ற. இரு, நீ என்ன சொல்லுவீன்னு எனக்குத் தெரியும். ருக்குமணியப் போய் நேராக் கேக்கலாமல்லோன்னுதான? அதெப்புடிக் கேக்கறது, எதுத்த ஊடு. இரு, முழுசாச் சொல்லிப்போடறேன்.

சத்தம் எப்புடின்னா, சின்னக் குழியில வரும், பெரிய வேகத்தடையில வராது. மெதுவாப் போனா வரும், வெரசாப் போனா கொறையும். அவரு 'லொடக்'குன்னு சொல்றாரு, நான் 'ணங்'குன்னு சொல்றேன். அதுக்கே ஒரு வாரம் சண்டை. லொடக்குன்னா ரப்பர் புஷ் தேஞ்சிருக்கும், ணங்குன்னா இரும்போட இரும்பு அடிக்குது, ரெண்டும் ஒண்ணா, உனக்கென்ன தெரியும்னு கத்துனாரு. ஒரு நோட்டுப் போட்டாரு. தேதி, ரோடு, வேகம், வெயிலா மழையா, வண்டியில எத்தனை பேரு, சத்தம் எத்தனை தடவ. ஒரு நாளு என்னை வண்டிக்குப் பக்கத்துலயே நடந்து வரச் சொன்னாரு, காத டயர்ப் பக்கமா வெச்சுக்கிட்டு. வீதியில அல்லாரும் வேடிக்கை பாத்தாங்க. ருக்குமணியும் பாத்தா. நானும் குனிஞ்சுக்கிட்டே முக்கு வரைக்கும் நடந்தேன்.

"என்ன கேக்குது?"ன்னாரு.

"ணங்குங்க"ன்னேன்.

"சரியாக் கேளு!"

"ணங்குதானுங்க!"

ஒண்டிப்புதூர்ல சகாயம்னு ஒரு மெக்கானிக்கு. பதினெட்டு வருசமா எங்க வண்டிக்கு அவருதான். அவருகிட்டக் கொண்டுபோனாரு. அதுக்கு மொத நாளு சாயங்காலம் நான் என்ன பண்ணுனேன்? லாடத்தக் கழட்டி எடுத்து வெச்சுக்கிட்டேன். அங்க கிரீஸ் கையோட யாராச்சும் தொட்டுட்டா அதோட சக்தி போயிருமல்லோ. சகாயம் வண்டி மூக்க ரெண்டு கையாலயும் அமுக்கி அமுக்கி உட்டாரு. ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்த மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டுனாரு, பக்கவாட்டுல ஆட்டுனாரு. கடப்பாரையாட்டம் ஒரு கம்பிய உட்டு நெம்பிப் பாத்தாரு. "லிங்க் ராடு லேசா ஆடுதுங்ணா, மூணு லட்சம் ஓடியிருக்குதல்லோ"ன்னு மாத்திக் குடுத்தாரு. ரெண்டு பேரும் இருகூர் வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு வந்தாங்க. சத்தமே இல்லையாம். இவரு மொகத்தப் பாக்கோணுமே!

மறுநாளு நல்ல நேரம் பாத்து லாடத்தத் திரும்பக் கட்டுனேன். அன்னிக்கே சத்தம் வந்துருச்சு.

மறுக்காப் போனாரு. நான் மறுக்காக் கழட்டுனேன். லோயர் ஆர்ம் புஷ்ஷ மாத்துனாங்க. சத்தம் போச்சு. ஊட்டுக்கு வந்துது, கட்டுனேன், சத்தம் வந்துது. மூணாந் தடவ ஷாக் அப்சார்பரு. அதுவும் அப்படியேதான். நான் ஒவ்வொரு தடவயும் ஒழுங்காக் கழட்டி ஒழுங்காக் கட்டிக்கிட்டுத்தான் இருந்தேன், ஒரு நாளுகூடச் சலிச்சுக்கல. அந்த வண்டிதான் சதி பண்ணுது. சகாயத்தக் கண்டா கொழந்தையாட்டம் இருக்குது, எங்க ஊட்டு வாசல்ல வந்தா கூத்துக் காட்டுது. பள்ளிக்கூடத்துல நல்ல புள்ளையாட்டம் கைகட்டி உக்காந்துட்டு ஊட்டுல அழும்பு பண்ணுமே, அப்புடி.

என்ன கண்ணு, தலையில கைய வெச்சுக்கற? தல வலிக்குதா? சன்னலச் சாத்தட்டுமா?

ஒரு நாளு வடவள்ளி போற வழியில வண்டிய நிறுத்தி, "தெய்வா, நீ எறங்கி அடியில பாரு, ஏதாச்சும் தொங்குதா?"ன்னு கேட்டாரு. தெய்வாத்தாங்கறது எம்பேரு, அவரு கூப்புடறது தெய்வா. எறங்கி மண்டி போட்டு நல்லாப் பாத்தேன். ஒண்ணும் தொங்கல. லாடந்தான் அது எடத்துல நல்லபடியாத் தொங்கிக்கிட்டிருந்துது. "ஒண்ணுமில்லீங்க"ன்னேன். அதச் சொல்ல முடியுமா? சொன்னா நம்பிக்கை இல்லாத மனுசன் பிச்சு எறிஞ்சுருவாரு. அப்பறம் வண்டிக்கு யாரு காவலு?

இப்பச் சொல்றதுதான் எனக்கு வெசனம். நாலாந் தடவ போனப்ப சகாயம், "அண்ணா, தப்பா நெனைக்காதீங்கொ. வண்டி நல்லா இருக்குதுங்க. நீங்க ஒருக்கா காதக் காட்டிருங்கொ" அப்படின்னுட்டாரு. அங்க நின்ன ரெண்டு பேரு சிரிச்சுட்டாங்களாம். காது நாச்சிமுத்தப் பாத்து! ஊட்டுக்கு வந்தவரு சட்டையக்கூடக் கழட்டல, அப்படியே நாற்காலியில உக்காந்துட்டாரு. காது டாக்டருகிட்டப் போனோம். ஒரு கண்ணாடி ரூம்புல உக்கார வெச்சு, காதுல மாட்டி உட்டு, சத்தம் கேட்டாக் கையத் தூக்குங்கன்னாங்க. நான் வெளிய நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். சில சமயம் அவரு கையத் தூக்கவே இல்ல கண்ணு. அந்தம்மா மெஷினத் திருகறாங்க, திருகறாங்க, இவரு நேராப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கறாரு. டாக்டரு, மில்லுல இருந்தவியளுக்கு இது சகசம், வயசுக்கு நல்லாத்தான் இருக்குதுன்னாரு. இவரு அன்னிக்குச் சோறு திங்கல.

"எனக்குந்தான் கேக்குதுங்க, சத்தியமாக் கேக்குதுங்க"ன்னு சொன்னேன்.

"உனக்கு நான் சொல்றதுனால கேக்குது"ன்னுட்டாரு.

அதுக்கப்பறம் கடைசியா ஒண்ணு கண்டுபுடிச்சாரு. நான் உக்கார்ற பக்கந்தான் சத்தம் வருதாமா. ஆகமொத்தம் எம்பாரந்தான் காரணமாமா. அறுபத்தெட்டுக் கிலோ ஒரு பாரமா? என்னைப் பின்னால வலதுபக்கம் உக்கார வெச்சாரு. வாடகை வண்டியில போறவளாட்டம் ஒரு மாசம் பின்னால உக்காந்து போனேன். சத்தம் நிக்கல. பின்னால உக்காந்தாலும், 'இரு, பேசாத, கேக்கட்டும்'ங்கறதும் நிக்கல. போன வாரம் சாவிய மேசை மேல வெச்சுட்டு, "குடுத்தரலாம் தெய்வா. எங்காதையே என்னால நம்ப முடியல. அது சத்தம் போடறப்பெல்லாம் என்னைப் பாத்துச் சிரிக்கற மாதிரி இருக்குது"ன்னாரு. நான் சாவிய எடுத்துச் சாமி படத்துக்கு மின்னாடி வெச்சேன்.

அய்யோ! குழியப் பாத்து ஓட்டப்படாதா இந்த டிரைவரு! கேட்டியா கண்ணு? இப்பக் கேட்டியா? ணங்குன்னு? அதே சத்தம்! பாத்தியா, எட்டு மாசமாக் கேட்டுக் கேட்டு, பஸ்ஸுல ஏறுனாக்கூட எனக்கு அதே சத்தம் கேக்குது. எங்காதும் போச்சு. ரெண்டு பேருமாப் போய் அந்தக் கண்ணாடி ரூம்புல உக்கார வேண்டியதுதான்.

எங்கூடையிலிருந்து வந்துதா? கூடையில என்ன இருக்குது, ஒரு தூக்குப்போசி தயிர்சோறு, அப்பறம் அந்த லாடம். ஆமா, கழட்டிட்டு வந்துட்டேன். காலையில அவரு குளிக்கறப்ப. வண்டிதான் போகுது, நம்ம லாடத்த எதுக்குக் கோழிப்பண்ணைக்காரருக்குக் குடுக்கறது? இரு இரு, தொடாத! காட்றேன், பாத்துக்க. எவ்வளவு கனம் பாரு. பழசு. இப்ப இதெல்லாம் கெடைக்காது.

என்ன கண்ணு கையப் புடிக்கற? சொல்லு, என்ன சொல்லோணும்? அட, இரு, போன் அடிக்குது. அவருதான்.

அலோ. என்னங்க? எங்க இருக்கறீங்க, பின்னால காணோமே? பல்லடந் தாண்டி நிறுத்திட்டீங்களா? ஏனுங்க, ஒடம்புக்கு என்ன? நல்லா இருக்கறீங்களா? அப்ப எதுக்கு ஒரு மாதிரி பேசறீங்க? ஆ? என்ன இல்ல? சரியாச் சொல்லுங்க. சத்தம் இல்லீங்களா? ஒரு தடவகூடவா? ம். ம். வேணும்னேயா? குழியாப் பாத்தா எறக்குனீங்க? ம். நானா? நான் ஏறாததுனாலயா? ஏனுங்க, மறுக்கா அதே பேச்சா! நான் என்ன அரிசி மூட்டையா? ம். ம். என்னது? சித்தச் சத்தமாச் சொல்லுங்க, பஸ்ஸு எரையுது. ம். சரிங்க. சரிங்க. அழுகலீங்க. வெக்கறேன்.

இரு கண்ணு, மூஞ்சியத் தொடச்சுக்கறேன்.

சிங்காநல்லூர்ல இருந்து பல்லடம் வரைக்கும் ஒரு சத்தம் இல்லையாம். அவரு நம்பாம, ரோட்டுல இருக்கற குழியில எல்லாம் இடது சக்கரத்த எறக்கிப் பாத்தாராம். ஒண்ணுமே இல்லையாம். வண்டி புதுசாட்டம் போகுதாம். எம்பாரந்தான்னு முடிவு பண்ணிட்டாரு. அதக்கூட உட்டுத் தள்ளு. அப்பறம் சொல்றாரு, "தெய்வா, சத்தமே இல்ல. ஆனா வண்டிக்குள்ள ஒரே அமைதியா இருக்குது. எனக்குப் புடிக்கல. நீ குண்டடத்துல எறங்கி நில்லு. தாராபுரத்துக்காரருக்குப் போன் பண்ணி வண்டி இல்லைன்னு சொல்லிப்போட்டேன். நீ மின்னாலயே உக்காரு. சத்தம் வந்தா வரட்டும். பேசிக்கிட்டே போலாம்." அப்படின்னாரு கண்ணு. சத்தம் வந்தா வரட்டும்னு எங்கூட்டுக்காரரு சொல்லி நான் கேக்கறது இதுதான் மொத தடவ.

குண்டடம் வந்துருச்சா? கண்டக்டரே, எறங்கோணும்! எனக்குத் தாராபுரம் டிக்கெட்டுதான், இருக்கட்டும், எறங்கறேன்.

நீ என்னமோ அப்ப இருந்து வாயத் தொறக்கற, மூடற. லாடத்தப் பத்தியா? எனக்கே தெரியும் கண்ணு. இதுக்கு மேல நீ சொல்ல வேண்டியதில்ல. எட்டு மாசம் ஆடி ஆடி, கண்ண முழுசாக் கலைச்சுப்போட்டுது பாத்தியா. இன்னிக்குத்தான் வேலை முடிஞ்சிருக்குது. இந்த நேரத்துல அதக் கூடையிலயே போட்டு வெச்சா, ருக்குமணி நாளைக்கே வாசல்ல நிப்பா. விக்கப் போன வண்டி திரும்பி வந்துருச்சேன்னு வேற பாப்பா. சும்மா உடலாமா?

வழி உடு கண்ணு, எறங்கறேன். இல்ல, கூடைய நானே எடுத்துக்கறேன். குண்டடத்துல நிறுத்துனா அவரு மொதல்ல டீக்கடைக்குத்தான் போவாரு. செப்புக் கம்பி முந்தானையிலயே முடிஞ்சு வெச்சிருக்கறேன். அவரு டீ குடிச்சுட்டு வர்ற அஞ்சு நிமிசம் எனக்குப் போதும்.